கொக்கியை எங்கே மாட்டுவது? இரும்பு ஷெட் ஏற்றும் வேலையும், விழாமல் காக்கும் விதிகளும்

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். திரும்பத் திரும்ப வந்த வாக்கியங்களை எடுத்திருக்கிறோம். பேச்சுமொழியை முழுதாக மாற்றவில்லை.)

பாண்டிச்சேரியிலிருந்து ஈ.சி.ஆரில் வடக்கே வண்டியை விட்டால், முத்தியால்பேட்டை தாண்டியதும் கோட்டக்குப்பம். வீக்கெண்டில் இந்தப் பக்கம் வருகிற நிறைய பேருக்கு அது ஒரு டிராஃபிக் ஜாம், அவ்வளவுதான். அடுத்த தடவை அந்த ஜாமில் மாட்டும்போது போனைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் மேலே பாருங்க. மாடியில் தகர ஷெட் போட்ட கடை, புதிதாக எழும்புகிற குடோன், மண்டபத்து வாசலில் டிரஸ், பாக்ஸ் கிரிக்கெட் ஆடுகிற டர்ஃபைச் சுற்றிக் கூண்டு. கண்ணுக்கு எட்டும் தூரத்தில் எங்காவது இரும்பு வேலை நடந்துகொண்டிருக்கும். மேலே ஒருத்தர் பீம் மேல் நடந்துகொண்டிருப்பார். உடம்பில் பெல்ட்டும் இருக்கலாம். அந்த பெல்ட்டின் கொக்கி எங்கே மாட்டியிருக்கிறது என்று மட்டும் பாருங்க. பல நேரம் அது அவருடைய பெல்ட்டிலேயே மாட்டியிருக்கும்.

இன்றைய எபிசோட் முழுக்க அந்தக் கொக்கியைப் பற்றித்தான்.

முதலில் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்வோம். கான்கிரீட் கட்டடத்தில் ஒரு தளம் முடிந்ததும் அதன் மேல் நின்று அடுத்த தளத்தைக் கட்டுகிறோம். சாரம் கட்டலாம், ஓரத்தில் தடுப்பு வைக்கலாம். இரும்பில் அப்படி இல்லை. கிரேன் தூக்கிக் கொடுக்கிற பீமை மேலே உட்கார்ந்திருக்கிற ஆள் பிடித்து, ஓட்டைக்கு ஓட்டை பொருத்தி, போல்ட் போட வேண்டும். அவர் உட்கார்ந்திருக்கிற பீமும் கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் ஏறியது. கொக்கி மாட்ட தலைக்கு மேல் ஏதாவது வேண்டும். ஆனால் அவர் தலைக்கு மேல் இருப்பது வானம். அந்த வேலையின் உச்சியில் இருப்பவரே அவர்தான்.

அதனால்தான் உலகம் முழுக்க இரும்புக் கட்டமைப்பு ஏற்றும் வேலைக்கு என்று தனி விதிகள் இருக்கின்றன. இந்தியத் தர நிர்ணயத்தில் அது ஐ.எஸ். 7205. இரும்புக் கட்டமைப்பு ஏற்றும் வேலைக்கான பாதுகாப்பு நெறி என்பதுதான் அதன் பெயரே, வெளியான ஆண்டு 1974. பெல்ட்டுக்கும் ஹார்னஸுக்கும் ஐ.எஸ். 3521, பாதுகாப்பு வலைக்கு ஐ.எஸ். 11057, திறந்த ஓரங்களில் வைக்கிற கைப்பிடித் தடுப்புக்கு ஐ.எஸ். 4912. எண்களை மனப்பாடம் பண்ண வேண்டாம். "நம்ம ஊர்ல இதுக்கெல்லாம் ரூல் ஏது?" என்று யாராவது சொன்னால், இருக்கிறது என்று சொல்லத் தெரிந்தால் போதும்.

சரி, பெல்ட்டுக்கு வருவோம். இடுப்பில் மட்டும் கட்டுகிற பழைய பெல்ட்டை விழும் ஆளைப் பிடித்து நிறுத்தப் பயன்படுத்தவே கூடாது என்று அமெரிக்காவில் 1998 ஜனவரி 1 முதல் தடை வந்தது. காரணம் எளிது. ஆறடி விழுந்து நிற்கும்போது வருகிற வெட்டிழுப்பு முழுவதும் வயிற்றிலும் முதுகெலும்பிலும் இறங்குகிறது. தலைகீழாகக் கவிழ்ந்தால் ஆள் பெல்ட்டிலிருந்து உருவிக்கொண்டு போய்விடவும் வாய்ப்பு உண்டு. முழு உடல் ஹார்னஸ் அந்த இழுப்பைத் தொடை, இடுப்பு, மார்பு, தோள் என்று பிரித்துவிடும். முதுகில், இரண்டு தோள்பட்டைக்கு நடுவே ஒரு வளையம் இருக்கும், கயிறு அதில் மாட்டும். கயிற்றில் ஒரு சின்னப் பொட்டலம் தைத்திருப்பார்கள். அதற்குப் பெயர் ஷாக் அப்சார்பர். விழும்போது அதன் மடிப்புத் தையல்கள் ஒவ்வொன்றாகப் பிய்ந்து நீண்டு, வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கும்.

இப்போது கொஞ்சம் கணக்கு போடலாம். இந்த எபிசோடில் எல்லாரும் கவனிக்க வேண்டிய பகுதி இதுதான்.

கயிறு 6 அடி. அப்சார்பர் முழுசாகப் பிரிந்தால் இன்னும் 5¾ அடி வரை நீளும். முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை 5 அடி. பாதத்துக்கும் தரைக்கும் நடுவே 3 அடியாவது மிச்சம் இருக்கணும், ஏனென்றால் ஹார்னஸும் கொஞ்சம் இழுபடும். எல்லாம் கூட்டினால் ஏறக்குறைய 20 அடி. அதாவது கொக்கியைக் காலடியில், தான் நிற்கிற பீமிலேயே மாட்டியிருக்கிற ஒருவருக்கு, அந்த பீமுக்குக் கீழே 20 அடி வெற்றிடம் தேவை.

இப்போது கோட்டக்குப்பத்தில் நீங்க பார்த்த ஷெட்டுக்குத் திரும்புங்க. அதன் உயரம் என்ன? சிறிய குடோன், ஒர்க்‌ஷாப் என்றால் ஓரத்து உயரம் 16, 18 அடி. மாடி ஷெட் என்றால் இன்னும் குறைவு. அப்போ ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்ட ஹார்னஸ், புது கயிறு, கொக்கியும் பீமில் மாட்டியாச்சு, எல்லாம் விதிப்படி இருக்கு. ஆள் விழுந்தால் கயிறு அவரைப் பிடிக்கும் முன்னாலேயே, இல்லை பிடித்து முடிக்கும் முன்னாலேயே, தரை பிடித்துவிடும்.

இதைச் சொன்னால் பெரும்பாலானவர்கள் நம்புவதில்லை. "பெல்ட் போட்டா சேஃப்"னுதான் நாம எல்லாரும் நினைக்கிறோம். உயரம் அதிகமானால்தான் ஆபத்து என்றும் நினைக்கிறோம். பெல்ட்டைப் பொறுத்தவரை விஷயம் தலைகீழ். எண்பது அடியில் காலடியில் கொக்கி மாட்டியவருக்குக் கயிறு பிடிக்க இடம் இருக்கிறது. பதினாறு அடியில் மாட்டியவருக்கு இல்லை. பதினாறு அடி விழ ஒரு விநாடிதான் ஆகும். தரையைத் தொடும்போது வேகம் மணிக்குச் சுமார் 35 கிலோமீட்டர்.

தாழ்வான ஷெட்டுக்கு என்ன வழி? கொக்கியைத் தலைக்கு மேலே மாட்டினால் கணக்கு மாறிவிடும். சுதந்திரமாக விழுகிற தூரமே குறைந்துவிடுவதால் அப்சார்பரும் முழுசாகப் பிரியாது. இன்னொன்று, தானே சுருளும் லைஃப்லைன். காரில் சீட் பெல்ட் இருக்கில்லையா, மெதுவாக இழுத்தால் வரும், வெடுக்கென்று இழுத்தால் பூட்டிக்கொள்ளும், அதே வேலைதான். ஓரிரு அடியிலேயே பிடித்துவிடும். ஆனால் அதையும் தலைக்கு மேல்தான் மாட்டணும். அப்போ மறுபடியும் அதே கேள்வி: தலைக்கு மேல் என்ன இருக்கிறது?

இதற்கு அமெரிக்க விதிகளில் ஒரு பதில் இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்த பதில். அங்கே ஓஷா என்கிற தொழில் பாதுகாப்பு அமைப்பு, இரும்பு ஏற்றும் வேலைக்கான தனி விதிகளை 2001 ஜனவரியில் வெளியிட்டது. ஒரு வருடம் கழித்து அமலுக்கு வந்தது. அதில் ஒரு இடத்தில், பல மாடி இரும்புக் கட்டடத்தின் ஓரத்துத் தூண்கள் முடிந்த தளத்துக்கு மேல் குறைந்தது 48 அங்குலம் நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்கிறது. அந்த நீட்சியில் 42 முதல் 45 அங்குல உயரத்தில் ஒரு ஓட்டையும், அதன் பாதி உயரத்தில் இன்னொரு ஓட்டையும் இருக்கணும். எதற்கு? மேலே போன உடனே அந்த ஓட்டைகளில் இரும்புக் கயிற்றைக் கோத்து ஓரத் தடுப்பு கட்டிவிடலாம். ஓட்டையை யார் போடுவது? மேலே தொங்குகிற ஆள் இல்லை. ஃபேப்ரிகேஷன் பட்டறையில், தூண் தரையில் படுத்துக் கிடக்கும்போதே போடணும். அதற்கு அந்த ஓட்டை டிராயிங்கில் இருக்கணும்.

பார்த்தீங்களா, விழாமல் காக்கிற ஏற்பாட்டை வரைபடம் போடுகிறவரின் மேஜைக்கே கொண்டு போயாச்சு. நம்ம ஷெட்டுக்கும் இதே தந்திரம் செல்லும். தூண் தலையில் ஒரு குட்டித் தண்டு நிற்க நாலு ஓட்டை, ராஃப்டர் மேல் ஒரு கண் வளையம். பட்டறையில் வெல்டிங் வைக்க அரை மணி நேரம் போதும். மேலே போனதும் தண்டுகளுக்கு நடுவே லைஃப்லைன் இழுத்துக் கட்டிவிட்டால், கொக்கி மாட்ட இடம் கிடைத்துவிடும். அதே அரை மணி நேர வேலையை 18 அடி உயரத்தில் செய்யப் போனால், அதைச் செய்பவருக்கே கொக்கி மாட்ட இடம் இருக்காது.

எங்கே மாட்டக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பர்லினில். பர்லின் என்றால் ராஃப்டருக்கு மேல் குறுக்கே போகிற மெல்லிய பட்டை, அதன் மேல்தான் தகரம் உட்காரும். மடித்த தகடு, கனம் இரண்டு மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். பார்க்கக் கைக்கு வாகாக இருப்பதால் எல்லாரும் அதில்தான் மாட்டுகிறார்கள். ஓஷா கேட்கிற கொக்கி முனையின் பலம், ஒரு ஆளுக்கு 5,000 பவுண்டு. ஏறக்குறைய 2,270 கிலோ. ஒரு இன்னோவா காரைத் தொங்கவிட்டாலும் தாங்கணும் என்று வைத்துக்கொள்ளுங்க. ஒரே ஒரு போல்ட்டில் தற்காலிகமாக நிற்கிற பர்லினில் காரைத் தொங்கவிடுவீங்களா?

லைஃப்லைன் விஷயத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. கயிறு தொய்வாக இருந்தால் ஆள் அதிகம் விழுவார் என்று நினைத்து வீணைத் தந்தி மாதிரி இறுக்கிவிடுகிறார்கள். பிளஸ் டூ பிசிக்ஸ் ஞாபகம் இருந்தால் சைன் தீட்டா எழுதிப் பாருங்க. கயிறு நடுவில் இழுபடும்போது 5 டிகிரிதான் சாய்கிறது என்றால், நடுவில் வருகிற இழுப்பைப் போல ஏறக்குறைய ஆறு மடங்கு இரண்டு முனையிலும் வரும். ஆளைக் கயிறு தாங்கிவிடும், முனையில் இருக்கிற தண்டு பிடுங்கிக்கொண்டு வரும். எவ்வளவு தொய்வு, எத்தனை பேர், எவ்வளவு கனத் தண்டு என்பது கணக்குப் போட்டு முடிவு பண்ண வேண்டியது. மேஸ்திரி கண்ணளவில் இறுக்குகிற வேலை இல்லை.

எத்தனை அடியிலிருந்து இதெல்லாம் கட்டாயம்? இங்கே ஒரு சுவாரசியமான சண்டை இருக்கிறது. அமெரிக்காவில் மற்ற கட்டுமான வேலைகளுக்கு 6 அடியிலிருந்தே பாதுகாப்பு கட்டாயம். இரும்பு ஏற்றும் வேலைக்கு மட்டும் 15 அடி. அதிலும் பீமைப் பிடித்து இணைக்கிற தொழிலாளி, 15 அடிக்கும் 30 அடிக்கும் நடுவே இருக்கும்போது, கொக்கி மாட்டத் தேவையான எல்லாவற்றையும் அணிந்திருக்கணும், ஆனால் மாட்டலாமா வேண்டாமா என்பதை அவரே முடிவு பண்ணலாம். 30 அடிக்கு மேல் மாட்டியே ஆகணும். ஏன் இந்தச் சலுகை என்றால், கிரேனில் ஆடிக்கொண்டு ஒரு டன் பீம் முகத்துக்கு நேராக வரும்போது கட்டிப்போட்ட ஆளால் விலக முடியாது என்பது வாதம். தொழிலாளர்கள் தரப்பிலிருந்தே வந்த வாதம் அது. 1994-ல் தொழிற்சங்கம், முதலாளிகள், அரசு எல்லாரும் உட்கார்ந்து பேச ஒரு குழு அமைத்து, அங்கிருந்து உருவான விதி இது.

எனக்கு அந்த வாதம் புரிகிறது. ஆனால் அதை இங்கே இறக்குமதி செய்யக் கூடாது என்றுதான் நினைக்கிறேன். அந்தச் சலுகை, அதற்கென்று பயிற்சி எடுத்த ஆளுக்கு மட்டும். அங்கேயே மற்றவர்களுக்கு இல்லை. நம்ம சைட்டில் காலையில் வெல்டிங் பிடித்தவர் மதியம் பீம் பிடிக்கிறார், சாயங்காலம் தகரம் அடிக்கிறார். போன வாரம்வரை உப்பளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்தவராகக்கூட இருக்கலாம். மழைக்காலத்தில் மரக்காணம் உப்பளங்களில் வேலை நின்றுவிடும், அப்போது வேறு கூலி தேடித்தானே ஆகணும்.

அதே அமெரிக்க விதிகளில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு இருக்கிறது. ஒவ்வொரு தூணுக்கும் அடியில் குறைந்தது நான்கு நங்கூர போல்ட். ஒவ்வொரு பீம் இணைப்பிலும் குறைந்தது இரண்டு போல்ட் முறுக்கிய பிறகே கிரேன் கொக்கியைக் கழற்றணும். இதெல்லாம் பெல்ட் பற்றியதே இல்லை. ஆனால் விழாமல் காக்கிற விதிகளிலேயே முதல் இடம் இவற்றுக்குத்தான். கொக்கி மாட்டியிருக்கிற கட்டமைப்பே சரிந்தால் கொக்கி என்ன பண்ணும்?

2025 செப்டம்பர் 30 அன்று, எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல் மின் நிலையக் கட்டுமானத் தளத்தில் எஃகு வளைவுச் சாரம் சரிந்து 9 தொழிலாளர்கள் இறந்தார்கள். அசாம் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள். நம்மில் பலருக்கு அது ஒரு நாள் நோட்டிஃபிகேஷன். அதைப் படிக்கிறபோது "பெல்ட் போட்டிருந்தாங்களா?" என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும். தற்காலிகமாக நிற்கிற எந்த இரும்பும் தன் காலில் தான் நிற்குமா என்பது அதற்கு முந்தைய கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் மேலே நிற்கிறவர் இல்லை.

சின்ன ஷெட்டுக்கும் இது அப்படியே பொருந்தும். முதலில் இரண்டு வரிசைத் தூணையும் ராஃப்டரையும் ஏற்றி, குறுக்கு பிரேசிங் போட்டு, ஒரு பெட்டி மாதிரி இறுக்கிவிடணும். அதன்மேல் சாய்த்துத்தான் மற்ற வரிசைகள் வளரணும். பிரேசிங்கைக் கடைசியில் போட்டுக்கொள்ளலாம் என்று வரிசையாகத் தூண்களை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனால், இந்தக் கடற்கரையில் ராத்திரிக் காற்று சும்மா இருக்காது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்ததை இங்கே யாருக்கும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. புயல்கூட வேண்டாம். ஒரு கூரைத் தகரம் மூன்றரை அடி அகலம், இருபது அடி நீளம் என்று வைத்துக்கொள்ளுங்க. மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று அதன் முகத்தில் நேராக அடித்தால் 50 கிலோ அளவுக்குத் தள்ளும். அந்தத் தகரத்தை இரண்டு பேர் கையில் பிடித்துக்கொண்டு பர்லின் மேல் நடக்கிறார்கள். மதியத்துக்கு மேல் கடற்காற்று எழும்பும் என்பது இங்கே மீன் பிடிக்கிறவர்களுக்குத் தெரியும். தகரம் அடிக்கிற வேலையைக் காலையில் முடித்துவிடணும் என்று சொல்ல நிபுணர் தேவையில்லை.

தகரம் என்றதும் ஒன்று. ஷெட்டுக்குள் வெளிச்சம் வர நடுநடுவே கண்ணாடி மாதிரி ஃபைபர் ஷீட் போடுவார்கள். வெயிலில் சில வருடம் காய்ந்தால் அது அப்பளம். மேலே தூசி படிந்துவிட்டால் தகரம் எது, ஃபைபர் எது என்றே தெரியாது. ஷெட் கட்டி முடித்த பிறகு, ஒழுகலை அடைக்கவும் சோலார் பேனல் வைக்கவும் ஏறுகிறவர்கள் விழுவது இதன் வழியாகத்தான். நடக்கப் பலகை போடணும், ஃபைபருக்கு அடியில் கம்பி வலை கொடுக்கணும். இதுவும் கட்டும்போதே யோசிக்க வேண்டியதுதான்.

வலை பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சான்ஃபிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தை 1930-களில் கட்டும்போது, தலைமைப் பொறியாளர் ஜோசப் ஸ்ட்ராஸ் பாலத்துக்கு அடியில் முழு நீளத்துக்கும் வலை கட்டினார். அந்தக் காலத்தில் அது பெரிய செலவு. அந்த வலை 19 பேரைப் பிடித்தது. அவர்கள் தங்களுக்குள் ஒரு சங்கம் வைத்துக்கொண்டார்கள், பெயர் "நரகத்துக்குப் பாதி வழி சங்கம்". அப்புறம் 1937 பிப்ரவரி 17 அன்று, ஒரு சாரம் பிய்ந்து வலை மேலேயே விழுந்தது. வலை ஆட்களைத் தாங்கத்தான் கட்டியது, அந்தக் கனத்தை அல்ல. வலையோடு சேர்த்து 10 பேர் இறந்தார்கள். பாலம் திறக்க மூன்று மாதம்தான் இருந்தது. வலைக்கு ஒரு நல்ல குணம், மேலே இருக்கிற ஆள் எதையும் மாட்ட ஞாபகம் வைக்க வேண்டியதில்லை. மறந்தவரையும் அது பிடிக்கும். அதனால்தான் பல நாட்டு விதிகளில் வரிசை இதுதான்: முடிந்தவரை மேலே ஏறாமலே முடி. ஏறித்தான் ஆகணும் என்றால் தடுப்பு, வலை. அதுவும் முடியாத இடத்தில் ஹார்னஸ். நாம் கடைசிப் படியை முதலில் பிடித்துக்கொண்டு, மற்றதை மறந்துவிட்டோம்.

ஏறாமலே முடிப்பது எப்படி என்று கேட்கலாம். டிரஸ்ஸையும் பர்லினையும் தரையிலேயே கோத்து, ஒரே துண்டாகக் கிரேனில் தூக்கலாம். போல்ட் முறுக்க பூம் லிஃப்ட் வாடகைக்கு எடுக்கலாம். அதன் தொட்டிக்குள் நின்று, தொட்டியிலேயே கொக்கி மாட்டிக்கொண்டு வேலை பார்க்கலாம். 18 அடி ஷெட்டுக்கு, மேலே சொன்ன கணக்கெல்லாம் போடுவதைவிட இதுதான் சுலபம். வாடகை கட்டுப்படியாகாது என்பார்கள். கட்டுப்படியாகாததற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதற்கு வருகிறேன்.

முதலில் சட்டம். கட்டடத் தொழிலாளர்களுக்கான மத்திய சட்டம் 1996-ல் வந்தது, மத்திய விதிகள் 1998-ல், தமிழ்நாட்டு விதிகள் 2006-ல். 2025 நவம்பர் 21 முதல் அந்த 1996 சட்டத்தின் இடத்தில் புதிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, அதாவது 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றியது, அமலுக்கு வந்திருக்கிறது. புதிய விதிகள் முழுசாக வரும்வரை, முரண்படாத பழைய விதிகள் தொடரும். பழையதிலும் புதியதிலும் மாறாத ஒன்று இருக்கிறது: பத்து. பத்துத் தொழிலாளர்களுக்குக் குறைவாக வேலை செய்த கட்டுமானம் இந்தச் சட்டத்துக்குள் வராது. ஷெட் போடுகிற குழுவில் எத்தனை பேர்? ஒரு மேஸ்திரி, இரண்டு வெல்டர், மூன்று நாலு ஹெல்பர், ஹைட்ரா வண்டி ஓட்டுகிறவர். எண்ணிப் பாருங்க.

கோட்டக்குப்பத்தில் இன்னொரு சிக்கல். இது தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம். தெற்கே நாலு தெரு தள்ளினால் புதுச்சேரி. வடக்கே கொஞ்ச தூரம் போனால் காலாப்பட்டு, மறுபடியும் புதுச்சேரி. அதைத் தாண்டினால் திரும்பவும் தமிழ்நாடு. ஒரே குழு, ஒரே ஹைட்ரா, ஒரே ரோட்டில் ஒரே வாரத்தில் இரண்டு அரசுகளின் எல்லைக்குள் வேலை செய்யும். தமிழ்நாட்டில் இதைப் பார்க்க வேண்டியது தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். எல்லை தாண்டினால் புதுச்சேரியின் தொழிலாளர் துறை. எட்டு பேர் நாலு நாளில் முடித்துவிட்டுப் போகிற ஷெட்டை இரண்டு பக்கமும் யாரும் வந்து பார்க்கப்போவதில்லை. அதற்காகப் பொறுப்பே இல்லை என்று அர்த்தமில்லை. அலட்சியத்தால் மரணம் என்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவு இருக்கிறது, ஐந்து ஆண்டு வரை சிறை. ஆனால் அந்தப் பிரிவு வேலை செய்யத் தொடங்குவதே ஆள் இறந்த பிறகுதான்.

சிங்கப்பூரோடு ஒப்பிட்டுப் பாருங்க. 2013-ல் உயரத்தில் வேலை செய்வதற்கென்றே தனி விதிகள் கொண்டுவந்தார்கள். மூன்று மீட்டருக்கு மேல் விழ வாய்ப்புள்ள வேலை என்றால், தொடங்கும் முன் எழுத்தில் பெர்மிட் வாங்கணும். அங்கே வேலை செய்துவிட்டு வந்த நம்ம ஊர் ஆட்களைக் கேளுங்க, பெர்மிட் இல்லாமல் ஏணியில் கால் வைக்க விடமாட்டார்கள் என்பார்கள். அதே ஆள் ஊருக்குத் திரும்பி வந்து பீம் மேல் சும்மா நடப்பார். ஆள் மாறவில்லை, பயமும் மாறவில்லை. கேட்கிறவர் இல்லை, கொக்கி மாட்ட இடமும் இல்லை.

இப்போது அந்தக் கட்டுப்படியாகாத விஷயம். இரும்பு வேலைக்கு விலை எப்படிப் பேசுகிறோம்? கிலோ கணக்கில். மெட்டீரியல், ஃபேப்ரிகேஷன், ஏற்றும் கூலி எல்லாம் சேர்த்து கிலோவுக்கு இவ்வளவு ரூபாய். மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கி, ஒரு ரூபாய் குறைவாகச் சொன்னவருக்கு வேலையைக் கொடுக்கிறோம். லைஃப்லைனுக்கும் வலைக்கும் பூம் லிஃப்டுக்கும் எடை கிடையாது. தராசில் ஏறாததற்கு அந்த விலையில் இடமும் கிடையாது. ஒழுங்காக இதையெல்லாம் சேர்த்து விலை சொல்கிற கான்ட்ராக்டர், அதனாலேயே வேலையை இழக்கிறார்.

இந்த பாட்காஸ்ட்டைக் கேட்கிறவர்களில் சிலர் டர்ஃப் போடப் போறீங்க, சிலர் மாடியில் கஃபே திறக்கப் போறீங்க, சிலர் சைட் இன்ஜினியராகவே இருப்பீங்க. நீங்கதான் அந்தக் கொட்டேஷனை வாங்குகிறவர். அதனால் இதைக் கேட்கிற இடமும் உங்களிடம்தான் இருக்கிறது. கிலோ விலையோடு இதைக் கலக்காமல், விழாமல் காக்கும் ஏற்பாடு என்று தனி வரி போடச் சொல்லுங்க. மூன்று பேருக்கும் ஒரே வரி, அப்போதுதான் போட்டி நியாயமாக இருக்கும். டிராயிங்கைக் கையில் வைத்துக்கொண்டு, "கொக்கியை எங்கே மாட்டுவாங்க, காட்டுங்க"ன்னு கேளுங்க. பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக் காட்ட முடிந்தால் அவர் யோசித்திருக்கிறார். "அதெல்லாம் பசங்க பார்த்துப்பாங்க" என்றால் அடுத்த கான்ட்ராக்டரைப் பாருங்க.

இன்னொரு கேள்வியும் கேட்கணும்: விழுந்து ஹார்னஸில் தொங்கினால், யார், எதை வைத்து, எவ்வளவு நேரத்தில் இறக்குவார்கள்? உயிர் தப்பிவிட்டார் என்று நாம் நினைக்கிற நேரம் அது. ஆனால் அசையாமல் நேராகத் தொங்கினால் காலில் இருக்கிற ரத்தம் மேலே திரும்பாது, தொடைப் பட்டைகளும் அழுத்திக்கொண்டிருக்கும். சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம், அப்படியே தொங்கவிட்டால் உயிரே போகலாம். கோட்டக்குப்பத்திலிருந்து ஜிப்மர் ரொம்ப தூரமில்லை, 108-ம் வந்துவிடும். ஆனால் ஆம்புலன்ஸில் ஏணி இருக்காது. ஒரு நீட்டு ஏணியோ லிஃப்டோ சைட்டிலேயே நிற்கணும், வேலை முடிகிறவரை. ஹார்னஸில் சுருட்டி வைக்கிற கால் மிதிப் பட்டை கிடைக்கிறது. தொங்குகிறவர் அதைப் பிரித்து, மிதித்து நின்றால் ரத்த ஓட்டம் திரும்பும்.

கடைசியாக, இந்தக் கடற்கரைக்கே உரிய ஒன்று. 30 கிலோமீட்டர் வடக்கே மரக்காணத்தில் உப்பு விளைகிறது என்றால், இங்கே வீசுகிற காற்றிலும் அது கொஞ்சம் இருக்கும். உங்க ஸ்கூட்டர் சைலன்சரைப் பார்த்தாலே தெரியும். கொக்கியின் வாயில் ஒரு சின்ன ஸ்பிரிங் இருக்கிறது, மாட்டியதும் தானாக மூடிக்கொள்ள. உப்பும் துருவும் ஏறினால் அது பாதியில் நின்றுவிடும். மாட்டின மாதிரி தெரியும், மூடியிருக்காது. லைஃப்லைன் முனையில் இருக்கிற கிளாம்பின் மரையும் அப்படித்தான். ஹார்னஸ் நாடாவில் உப்புப் படிந்தால் அதன் நுண்ணிய படிகங்கள் நூலை உள்ளே இருந்து அறுக்கும், வெயில் வெளியே இருந்து வெளுக்கும். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தணும். காலையில் போடும் முன் தையல், நாடா, கொக்கி மூன்றையும் விரலால் தடவிப் பார்க்கணும், கொக்கியை நாலு தடவை திறந்து மூடணும்.

ஒரு தடவை ஒருத்தரைப் பிடித்த ஹார்னஸையும் கயிற்றையும் திரும்பப் பயன்படுத்தவே கூடாது. வெளியில் ஒன்றும் ஆகாத மாதிரிதான் இருக்கும், உள்ளே தையல் விட்டுப்போயிருக்கும். மூலையில் போட்டு வைத்தால் ஆள் குறைகிற நாளில் யாராவது புது ஹெல்பருக்கு எடுத்து மாட்டிவிடுவார்கள். அதனால் நாடாவைக் கத்தரியால் நாலு துண்டாக வெட்டித்தான் குப்பையில் போடணும்.